ஏசாத ஏசிங்க்

போன ஞாயிறு காலை. மகள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எதிரே என் அம்மா பயித்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்த ஏசிங்க் எனக்கு விளங்கேல்லை."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "ஆர் பிள்ளையை ஏசினது?"

தமிழ்நாட்டு வழி வந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் ஏசுவது என்றால் திட்டுவது. ஒருவரும் ஏசவில்லை, அது ஒரு கம்ப்யூட்டர் சொல் என்று நான் விளக்கப்போய், விளக்கம் இன்னும் குழம்பி, கடைசியில் அம்மா எழும்பி வந்து திரையையே பார்த்தார்.

மகள் டைப்ஸ்கிரிப்டில் ஒரு சின்னப் பயிற்சி எழுதியிருந்தாள். மூன்று வேலை: அரிசி போடுவது, இரண்டு செக்கன் கழித்துச் சோறு வேகுவது, பிறகு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுவது. மேற்கோள் குறிக்குள் தமிழில் எழுதினாலும் கம்ப்யூட்டர் அப்படியே காட்டும் என்பதால் வசனங்களைத் தமிழிலேயே எழுதச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் ஒரு பயிற்சி ஆகட்டுமே! திரையில் வந்தது இது:

அரிசி போட்டாச்சு
சாப்பிட வாங்கோ
சோறு வெந்திட்டுது

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூன்று வரியையும் சத்தமாக வாசித்தார். "சோறு வேகமுன்னம் ஆரைச் சாப்பிடக் கூப்பிடுறாய்?"

அதுதான் பிழை. முழுப் பிழையும் அதுதான். கம்ப்யூட்டரோ ஒரு எரரும் காட்டவில்லை. அதன் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத என் அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் முழுமனதோடு இல்லை. ஏனென்றால் இதே பிழையை நவம்பரில் நானே விட்டிருந்தேன், சோற்றை விடப் பெரிய விஷயத்தில். அதை இந்தப் பக்கத்தில் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

காணாமல்போன ஆறு பெயர்கள்

நான் இங்கே ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தந்தது ஒரு சனிக்கிழமை வகுப்பு. இன்று என் மகள் போகிற வகுப்பும் அது போன்ற ஒன்றுதான். அதன் பேச்சுப் போட்டிக்கு இவ்வளவு காலமும் ஒரு கொப்பியில் பெயர் எழுதுவார்கள். "தம்பி, நீங்கள் கம்ப்யூட்டர் ஆள்தானே, ஒரு ஃபார்ம் செய்து தாங்கோவன்" என்று ரீச்சர் கேட்டார். மாஸ்டர்ஸ் முடித்து, பதினைந்து வருஷமாக இதே வேலை செய்கிறவனுக்கு ஒரு ஃபார்ம் என்ன பெரிய விஷயம்? இரண்டு மாலையில் டைப்ஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்தேன். பிள்ளையின் பெயர், பிரிவு, பேச்சின் தலைப்பு. கீழே ஒரு பொத்தான். அழுத்தினால் "பதிவாகிவிட்டது, நன்றி" என்று வரும்.

போட்டி நாள் காலை. பட்டியலில் நாற்பத்தொரு பெயர். மண்டபத்தில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நாற்பத்தேழு பிள்ளைகள்.

ஒரு தாய் என்னிடம் வந்தார். "அண்ணா, என்ர மகன்ர பேர் இல்லையாம். நான் போனிலதானே பதிஞ்சனான். நன்றி எண்டும் வந்ததே." அவரது மகனுக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மா ஒவ்வொரு கிழமையும் வீடியோவில் அவனுக்குப் பேச்சைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்களுக்குக் காலை பத்து மணி, அங்கே இரவு எட்டரை. பேரன் பேசுவதைப் பார்க்க அவர் போனோடு காத்திருந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்கள் சரியாய் அழுத்தினீங்களோ?"

இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிழை அவரில் இல்லை. ரீச்சர்மார் உடனே ஒரு தாளை எடுத்து விடுபட்ட பெயர்களைக் கையால் எழுதி, கடைசியில் நேரம் ஒதுக்கினார்கள். ஐந்து பிள்ளைகள் பேசினார்கள். அந்தப் பையனைத் தேடிப்போனபோது அவன் அழுதுகொண்டே தாயோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தான்.

டோக்கன் வேறு, கொத்து வேறு

என்ன நடந்தது என்று விளங்க, முதலில் ஏசிங்க் என்றால் என்ன என்று பார்ப்போம். நீங்கள் கோட் எழுதாதவராக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்காபரோவில் ஒரு கொத்து ரொட்டிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கோ.

கடையில் ஒரே ஒருவர்தான் ஓடர் எடுக்கிறார். நீங்கள் கொத்து கேட்கிறீர்கள். கொத்து அடித்து முடியும்வரை அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், பின்னால் நிற்கும் இருபது பேரின் கதி என்ன? அதனால் அவர் ஒரு டோக்கன் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கிறார். கொத்து தயாரானதும் உங்கள் நம்பரைக் கூப்பிடுவார்.

ஜாவாஸ்கிரிப்ட் இப்படித்தான் வேலை செய்கிறது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். உங்கள் கோடை ஓட்டுவதற்கு அதில் ஒரே ஒரு ஆள்தான். இன்டர்நெட்டில் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அந்த ஆள் சும்மா நின்றால், திரையே உறைந்துபோகும். ஆகவே காத்திருக்க வேண்டிய வேலைகளை வெளியே கொடுத்துவிட்டு அது அடுத்த வரிக்குப் போய்விடும். காத்திருக்காமல் தொடரும் இந்த முறைக்குத்தான் ஏசிங்க்ரனஸ் என்று பெயர்.

அந்த டோக்கனுக்கு ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருக்கும் பெயர் பிராமிஸ். வாக்கு என்றே சொல்லலாம். இந்தச் சொல்லை டேனியல் ஃப்ரீட்மனும் டேவிட் வைசும் 1976இலேயே பயன்படுத்தினார்கள் என்று மாஸ்டர்ஸ் வகுப்பில் படித்தபோது ஆச்சரியப்பட்டேன், வெப் பிறக்க முதலே வந்த சொல் அது. ஜாவாஸ்கிரிப்டின் தரத்துக்குள் பிராமிஸ் வந்தது 2015இல். ஒரு பிராமிஸுக்கு மூன்றே நிலைதான்: இன்னும் முடியவில்லை, நிறைவேறியது, பொய்த்தது. நிறைவேறியதோ பொய்த்ததோ, ஒருமுறை முடிவானால் பிறகு மாறாது.

சரி, டைப்ஸ்கிரிப்ட் எங்கே வருகிறது? 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மொழி அது. ஜாவாஸ்கிரிப்டின் மேல் வகைகளைச் சேர்க்கிறது. இது எண், இது எழுத்து, இது பிள்ளைகளின் பட்டியல் என்று ஒவ்வொன்றுக்கும் வகை உண்டு. பிராமிஸ் என்றால் அது எதற்கான பிராமிஸ் என்பதும் வகைக்குள் வரும். டோக்கனில் நம்பரோடு "ஆட்டுக் கொத்து ஒன்று" என்றும் எழுதியிருக்கிற மாதிரி. எண்ணுக்கான பிராமிஸ் வேறு, எண் வேறு. டோக்கனைக் கடித்துச் சாப்பிட ஏலாது.

டோக்கனைக் கொடுத்துக் கொத்தை வாங்கும் சொல் அவெய்ட். "இந்த நம்பரைக் கூப்பிடும்வரை நான் இந்த இடத்திலேயே நிற்கிறேன்" என்று அர்த்தம். நீங்கள் நிற்கிறீர்கள், ஆனால் கடை நிற்பதில்லை, மற்றவர்களுக்கு வேலை நடக்கிறது. ஏசிங்க் என்று முன்னால் எழுதிய ஃபங்ஷனுக்குள் அவெய்ட் போடலாம். அந்த ஃபங்ஷன் எப்போதும் ஒரு பிராமிஸையே திருப்பிக் கொடுக்கும். இந்த இரண்டு சொல்லும் மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழியில் 2012இலேயே இருந்தன. சி ஷார்பையும் டைப்ஸ்கிரிப்டையும் வடிவமைத்ததில் முக்கியமானவர் ஒரே ஆள், ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் இவை 2017இல் சேர்ந்தன. டைப்ஸ்கிரிப்டில் 2015 கடைசியில் வந்த 1.7 பதிப்பிலேயே எழுதக்கூடியதாக இருந்தது.

என் பிழை

இனி என் ஃபார்முக்கு வருவோம். பொத்தானை அழுத்தினால் நடக்க வேண்டியது இரண்டு: பதிவைச் சர்வருக்கு அனுப்பிச் சேமிப்பது, பிறகு நன்றி சொல்வது. இரண்டு வரியும் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுதியிருந்தேன். முதல் வரியின் முன்னால் அவெய்ட் என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

அதனால் என்ன ஆனது? சேமிக்கச் சொன்னதும் ஒரு டோக்கன் வந்தது. என் கோட் அதைக் கையில்கூட வாங்கவில்லை. அடுத்த வரிக்குப் போய் "பதிவாகிவிட்டது, நன்றி" என்றது. சோறு வேகமுன்னம் சாப்பிடக் கூப்பிட்ட மாதிரித்தான். நெட்வொர்க் நன்றாக இருந்தால் ஒரு செக்கனில் உண்மையிலேயே பதிவாகிவிடும், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. நான் வீட்டு வைஃபையில் பரிசோதித்தபோது ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது.

போட்டி முடிந்த மாலை, அந்த ஆறு குடும்பத்துக்கும் போன் எடுத்து ஒரு கேள்வி கேட்டேன்: "எங்கே இருந்து பதிந்தீர்கள்?" ஆறு பேருக்கும் ஒரே பதில். வகுப்பு முடியும்வரை கீழ்த்தள மண்டபத்தில் காத்திருந்தபோது. அங்கே போனுக்குச் சிக்னல் வந்து வந்து போகும். பதிவு சர்வரைச் சேரவேயில்லை. பிராமிஸ் பொய்த்தது. ஆனால் அதற்கு முன்பே அவர்களுக்கு நன்றி சொல்லியாகிவிட்டது.

"பிழை வந்தால் பிடிக்க ஏதும் செய்து வைக்கவில்லையா?" என்று கோட் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். வைத்திருந்தேன். ட்ரை, கேட்ச் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் அவெய்ட் இல்லாவிட்டால் கேட்ச் பிடிக்காது. கேட்ச் என்பது கடை வாசலில் நிற்கும் உங்கள் தம்பி என்று வையுங்கோ. நீங்கள் டோக்கனை மேசையில் போட்டுவிட்டுத் தம்பியையும் ஏற்றிக்கொண்டு காரில் போய்விட்டீர்கள். "ரொட்டி முடிஞ்சுது" என்று கடைக்காரர் கத்தும்போது நீங்கள் இரண்டு பேரும் 401 நெடுஞ்சாலையில். அவர் ஆருக்குச் சொல்வது?

பிரவுசர் ஒரு இடத்தில் சொல்லத்தான் செய்தது. பிடிக்கப்படாத பிராமிஸ் பிழை என்று கன்சோலில் சிவப்பாக ஒரு வரி விழுந்திருக்கும். எந்தத் தாய் போனில் கன்சோலைத் திறந்து பார்ப்பார்? இதே பிழை சர்வரில் ஓடும் நோட் ஜேஎஸ்ஸில் நடந்திருந்தால், 2020இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து அது புரோகிராமையே நிறுத்திவிடும். கேட்கக் கடுமையாக இருக்கும், ஆனால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும்.

டைப்ஸ்கிரிப்ட் ஏசும் இடமும் ஏசாத இடமும்

எனக்கு உறுத்திய கேள்வி இதுதான். வகைகள் பார்க்கும் மொழி என்று நம்பித்தானே எழுதினேன். அது ஏன் என்னை ஏசவில்லை?

ஏசும் இடங்கள் நிறைய உண்டு. எண் வேண்டிய இடத்தில் எண்ணுக்கான பிராமிஸைக் கொடுத்துப் பாருங்கோ. உடனே சிவப்புக் கோடு. அவெய்ட் போட மறந்தீர்களா என்றும் பல இடங்களில் கேட்கும். "இந்தப் பிள்ளை ஏற்கெனவே பதிந்ததா?" என்று இஃப் போட்டு, அங்கே அவெய்டை மறந்தால் என்ன ஆகும்? டோக்கன் கையில் இருப்பதே ஆம் என்று எடுபட்டு, எல்லாப் பிள்ளையும் பதிந்ததாகக் காட்டும். 2021இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து, கண்டிப்பான அமைப்பை வைத்திருந்தால் டைப்ஸ்கிரிப்ட் இதையும் பிடித்துவிடும்.

இவை எல்லாவற்றிலும் நான் டோக்கனை எதற்காவது பயன்படுத்த முயல்கிறேன். பிழையான இடத்தில் பயன்படுத்தினால் வகை பொருந்தாது, கம்பைலர் ஏசும். என் ஃபார்மில் நான் டோக்கனைப் பயன்படுத்தவே இல்லை. ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு அது தருவதை வாங்காமல் விடுவது டைப்ஸ்கிரிப்டில் குற்றமில்லை. பொருந்தாத வகை என்று எதுவும் அங்கே இல்லை. கைவிடப்பட்ட பிராமிஸைப் பார்த்து அது வாயே திறக்காது.

ஏசாத இடங்கள் இன்னும் மூன்று சொல்கிறேன்.

ஒன்று, ஃபார்ஈச். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெற்றோருக்கும் மின்னஞ்சல் அனுப்ப, அதற்குள் ஒரு ஏசிங்க் ஃபங்ஷனைப் போட்டு உள்ளே அவெய்டும் எழுதுவோம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஃபார்ஈச் தன் கைக்கு வரும் டோக்கன்களை எல்லாம் எறிந்துவிட்டு உடனே முடிந்துவிடும். ஒரு மின்னஞ்சலும் போக முதல் "எல்லாருக்கும் அனுப்பியாச்சு" என்று வரும். சாதாரண ஃபார்-ஆஃப் சுற்று எழுதி அதற்குள் அவெய்ட் போட்டால் சரி.

இரண்டு, பொய்த்தால் என்ன வரும் என்பது. பிராமிஸின் வகையில் நிறைவேறினால் கிடைப்பது மட்டும்தான் எழுதியிருக்கும். பொய்த்தால் என்ன பிழை வரும் என்று எழுத அங்கே இடமே இல்லை. அதனால் கேட்ச்சுக்குள் வருவதை "அன்னோன்", அதாவது என்னவென்று தெரியாதது, என்று வைத்திருப்பதே நேர்மை. 4.4 பதிப்பிலிருந்து கண்டிப்பான அமைப்பில் அப்படித்தான் வரும். பார்த்து உறுதிசெய்யாமல் தொட விடாது.

மூன்று, வெளியிலிருந்து வரும் தரவு. டைப்ஸ்கிரிப்டின் வகைகள் எழுதும்போது மட்டும்தான் இருக்கின்றன, ஓடும்போது எல்லாம் அழிந்துவிடும். சர்வரிலிருந்து வருவதை "இது பிள்ளைகளின் பட்டியல்" என்று நீங்கள் எழுதினால், அது நீங்கள் கொடுக்கும் சத்தியம். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. இதில் இன்னொரு குழி: சர்வருக்குப் போய்வரும் ஃபெட்ச், "404, அப்படி ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தாலும் பொய்க்காது. பதில் வந்ததே, வாக்கு நிறைவேறியது என்பது அதன் கணக்கு. பதிலில் உள்ள "ஓகே" உண்மையா என்று நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

எப்படித் திருத்தினேன்

அவெய்ட் என்ற ஒரு சொல்லைப் போட்டேன். நன்றி சொல்லும் வரி பதில் வந்து, ஓகே பார்த்த பிறகுதான் ஓடும். பொய்த்தால் "பதிவாகவில்லை, தயவுசெய்து திரும்ப அழுத்துங்கள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். காத்திருக்கும் நேரத்தில் "அனுப்புகிறேன்…" என்று காட்டிப் பொத்தானைப் பூட்டிவைத்தேன், பொறுமையில்லாமல் இரண்டு தரம் அழுத்தாமல் இருக்க.

பிறகு, மறதிக்கு மருந்தாக ஒரு காவல்காரரைப் போட்டேன். டைப்ஸ்கிரிப்ட் ஈஎஸ்லின்ட் என்ற இலவசக் கருவியில் "நோ ஃப்ளோட்டிங் பிராமிசஸ்" என்று ஒரு விதி இருக்கிறது. மிதந்து திரியும் பிராமிஸ் ஒன்றும் இருக்கக்கூடாது என்று பொருள். வகைகளைப் படித்துப் பார்த்து, கைவிடப்பட்ட ஒவ்வொரு டோக்கனையும் காட்டிக்கொடுக்கும். உண்மையிலேயே காத்திருக்கத் தேவையில்லை என்றால் முன்னால் "வாய்ட்" என்று எழுதிவிடலாம், "தெரிந்துதான் விடுகிறேன்" என்று கையெழுத்து வைக்கிற மாதிரி. ஃபார்ஈச் மாதிரியான இடங்களைப் பிடிக்க "நோ மிஸ்யூஸ்ட் பிராமிசஸ்" என்று இன்னொரு விதி.

இரண்டையும் போட்டு அந்தச் சின்ன ஃபார்ம் முழுவதையும் ஓட்டினேன். இன்னும் மூன்று இடம் அகப்பட்டது. ஒன்று, நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பும் ஃபார்ஈச். நான் மேலே அறிவுரை சொன்ன அதே பிழை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பயந்துபோய் எல்லா இடத்திலும் வரிசையாக அவெய்ட் போட்டால் பக்கம் ஆமை மாதிரி ஆகிவிடும். கொத்து வாங்கி முடித்த பிறகு வடைக்கு வரிசையில் நின்று, வடை வாங்கிய பிறகு தேத்தண்ணிக்கு நிற்கிற மாதிரி. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள், பிரிவுகள், நேர அட்டவணை என்று ஒன்றையொன்று சாராத மூன்று பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு செக்கன் என்றால் வரிசையாக மூன்று செக்கன். மூன்று டோக்கனையும் ஒரேயடியாக வாங்கிக்கொண்டு "பிராமிஸ் ஆல்" என்று காத்திருந்தால் ஏறக்குறைய ஒரு செக்கன். எந்த இடத்தில் எந்த வகை வரும் என்பதையும் டைப்ஸ்கிரிப்ட் சரியாக நினைவு வைத்திருக்கும்.

ஆனால் பிராமிஸ் ஆலில் ஒன்று பொய்த்தால் எல்லாமே பொய்த்ததாகிவிடும். மின்னஞ்சல் மாதிரி, நாற்பத்தேழில் இரண்டு போகாவிட்டாலும் மற்றவை போக வேண்டும், போகாதவை எவை என்றும் தெரிய வேண்டும் என்றால் 2020 தரத்தில் சேர்ந்த "ஆல் செட்டில்ட்" இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நிறைவேறியதா பொய்த்ததா என்று தனித்தனியாகச் சொல்லும். நிறைவேறியதா என்று நீங்கள் பார்க்காமல் உள்ளே இருப்பதை எடுக்கப்போனால் டைப்ஸ்கிரிப்ட் நிச்சயம் ஏசும். எனக்கு மிகவும் பிடித்த ஏச்சு அது.

வீட்டில் செய்துபாருங்கோ

உங்கள் பிள்ளை கோடிங் வகுப்புக்குப் போகிறது, என்ன படிக்கிறது என்று உங்களுக்கு விளங்கவில்லை என்றால், மகள் செய்த சோற்றுப் பயிற்சியைச் சேர்ந்து செய்து பாருங்கோ. டைப்ஸ்கிரிப்டின் சொந்தத் தளத்தில் பிளேகிரவுண்ட் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒன்றும் நிறுவத் தேவையில்லை, காசும் இல்லை. செட்டைம்அவுட்டை ஒரு பிராமிஸுக்குள் வைத்து, இரண்டு செக்கன் கழித்து "சோறு வெந்திட்டுது" என்று அச்சிடும் ஒரு ஃபங்ஷன் எழுதச் சொல்லுங்கோ. அதன் முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி. ஓட்டுவதற்கு முதல் எந்த வரிசையில் வரும் என்று பிள்ளையைத் தாளில் எழுதச் சொல்லுங்கோ. பிறகு அவெய்ட் போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை. வசனம் தமிழில் இருந்தால் தாத்தா பாட்டியும் திருத்த வரலாம்.

எங்கள் வீட்டில் மகள் அவெய்ட் போட்டாள். இரண்டு செக்கன் இடைவெளி விட்டு, வரிகள் ஒழுங்காக வந்தன. அம்மா வாசித்து "ஓம், இப்ப சரி" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத் திரும்பவும் பயித்தங்காயை எடுத்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, வெள்ளிக்கிழமை என்ர சைக்கிள் செயினைப் பாக்கச் சொன்னனான். 'ஒரு நிமிஷம்' எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"அதுக்கு அவெய்ட் ஆர் போட்டது?"

இன்னும் கராஜில் செயின் தொங்கிக்கொண்டுதான் கிடந்தது. அவள் ஏசவில்லை. கேட்பதை விட்டுவிட்டு இரண்டு நாளாகப் பள்ளித் தோழி வீட்டுக்கு நடந்து போய்வந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை. அன்று மத்தியானம் சாப்பிட முதல் கையில் எண்ணெயோடு கராஜில் நின்றேன்.

அந்தப் பையனின் தாயிடம் அடுத்த நாளே போனில் மன்னிப்புக் கேட்டேன், முக்கியமாக "சரியாய் அழுத்தினீங்களோ" என்று கேட்டதற்கு. அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்க முதல் ரீச்சர் அவனைப் பேசச் சொன்னார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், திரையில் அம்மம்மா. நடுவில் ஒரு இடத்தில் மறந்துபோய் நின்றான், அவர் அங்கிருந்து ஒரு சொல் எடுத்துக்கொடுத்தார், தொடர்ந்து பேசி முடித்தான். போட்டி முடிந்துவிட்டதால் பரிசு கிடையாது. அதை என்னால் திருத்த முடியவில்லை.

அடுத்த வருஷத்துக்கும் ஃபார்ம் நான்தான் செய்கிறேன். பக்கத்தில் கொப்பியும் இருக்கும் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். நான் மறுப்பேதும் சொல்லவில்லை.